மாநாட்டுக்குச் செல்வோரும் கொழும்பு உணவுச்சாலைகளும்

மாநாடு என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவன மேடையும், மங்கல விளக்கும், வரவேற்புரையும், ஆய்வுக் கட்டுரைகளும் ஆகும். அங்கு வந்து கூடுவோர் நாளொன்றுக்கு மூன்று வேளை உண்ண வேண்டியவர்கள் என்னும் செய்தி அழைப்பிதழில் பெரிய எழுத்திலோ சிறிய எழுத்திலோ அச்சிடப்படுவதில்லை. ஆயினும் மாநாட்டுக்குச் சென்று திரும்பியவரிடம், "போன காரியம் எப்படி?" என்று வினவினால், அவர் முதலிற் சொல்லத் தொடங்குவது பெரும்பாலும் உணவைப் பற்றியதாகவே இருக்கும்.

இஃது எள்ளி நகைப்பதற்குரிய விடயமன்று. மன்னாரிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மூன்று நாள் மாநாடு ஒன்றிற்காகக் கொழும்புக்கு வரும் ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பயணப்படி பின்னரே கைக்கு வரும். அதுவரை செலவாவது அவருடைய வீட்டுக் காசு. முதல் நாள் வழி தெரியாமல் பெரிய விடுதியொன்றில் நுழைந்து இரண்டு நாட் செலவை ஒரே வேளையில் இழக்கிறார். இரண்டாம் நாள் அதற்கு ஈடுசெய்ய எண்ணி, கண்ட இடத்தில் கண்டதை உண்ணுகிறார். மூன்றாம் நாள் அவருடைய கட்டுரை வாசிக்கப்பட வேண்டிய வேளையில் அவர் விடுதி அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். ஆறு மாத உழைப்பு ஒரு தட்டுப் பழஞ்சோற்றினால் வீணாகிறது. நீரிழிவு நோய் உள்ளவருக்கும், சைவ ஒழுக்கம் காப்பவருக்கும், தனியே வரும் பெண்மணிக்கும் இவ்விடர் இன்னும் பெரிது.

ஆகவே கொழும்பு மாநகரில் நல்ல உணவை நியாயமான விலைக்குத் தேடிக் கொள்வது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

முதலிற் செய்ய வேண்டியது கணக்கு. மாநாடு நடத்துவோர் பொதுவாக மதிய உணவையும் இரு வேளைத் தேநீரையும் தாமே வழங்குவர். மதிய உணவு குறித்த நேரத்துக்கு வருவது அரிது. முற்பகற் பேச்சாளர்கள் மணி அடித்தாலும் இறங்குவதில்லை. எனினும் அது வந்தே தீரும். எஞ்சுவன காலை உணவும் இரவு உணவுமே. இவ்விரண்டும் மாநாட்டு மண்டபத்தின் அருகே தேவைப்படுவனவல்ல. தங்குமிடத்தின் அருகே தேவைப்படுவன. பலர் இதனைத் தலைகீழாகக் கொண்டு, மண்டபத்துக்கு அண்மையில் அதிக வாடகைக்கு அறை எடுத்து, பின்பு இரவில் உணவு தேடி அலைகின்றனர். உணவுச்சாலைகள் நிறைந்த பகுதியில் அறையை எடுத்துக்கொண்டு, காலையில் பேருந்தில் மண்டபத்துக்குச் செல்வதே அறிவுடைமை.

பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தையே எடுத்துக்கொள்வோம். சீனாவின் நன்கொடையாக எழுந்து 1973 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட இம்மண்டபத்திலேதான் 1976 ஆம் ஆண்டு அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு நடைபெற்றது. நாட்டுத் தலைவர்களுக்கு உகந்த இடம் நாட்டுப்புற ஆசிரியரின் பைக்கும் உகந்ததாகும் என்று சொல்வதற்கில்லை. அது கொழும்பு 7. அகன்ற வீதிகள், மரநிழல், தூதுவர் மாளிகைகள் இவையே அங்குண்டு. இரண்டு தோசையும் ஒரு தேநீரும் வேண்டுவோன் நெடுந்தூரம் நடக்க வேண்டும். ஆனால், மண்டபத்தின் முன்னாற் செல்லும் பௌத்தாலோக மாவத்தை ஒரு புறம் பொரளையையும் மறுபுறம் பம்பலப்பிட்டியையும் எட்டுகிறது. இரண்டும் சன நெருக்கமும் கடைத்தெருக்களும் உள்ள பகுதிகள். பம்பலப்பிட்டியில் காலி வீதியை அடைந்தவருக்குத் தெற்கே சிறிது தூரத்தில் வெள்ளவத்தை. தமிழ் பேசும் பயணிக்குக் கொழும்பில் உணவுக் கவலை நீங்கும் இடம் அதுவே.

வெள்ளவத்தையின் சைவ உணவுச்சாலைகளைப் பற்றி விரிவாகச் சொல்வது பொருந்தும். யாழ்ப்பாணத்தாரும் தென்னிந்தியரும் கொழும்பில் வணிகத்துக்கும் உத்தியோகத்துக்கும் வந்து கூடிய காலத்தில், ஒண்டிக்கட்டையாய் அறை எடுத்துத் தங்கிய எழுதுவினைஞர்களுக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பதிலாக அமைந்தவை சைவக் கடைகள். செட்டியார் தெருவிலும் அதனை அண்டிய புறக்கோட்டை வீதிகளிலும் கோயில்களையும் நகைக்கடைகளையும் ஒட்டி அத்தகைய கடைகள் இருந்தன, இன்றும் உள்ளன. 1983 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் கொழும்புத் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது உணவுச்சாலைகளும் அதற்குத் தப்பவில்லை. பின்னர் அடுப்புகள் மீண்டும் மூட்டப்பட்டன. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் வெள்ளவத்தையிற் குடியேறக் குடியேற, இடியப்பமும் புட்டும் தோசையும் விற்கும் கடைகளும் பெருகின. இன்று காலி வீதியிலும் அதனின்று கடற்கரை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும் அவை அடுத்தடுத்துக் காணப்படுகின்றன.

இக்கடைகளிற் காலை உணவே சிறப்பு. இடியப்பத்துடன் சொதியும் சம்பலும், தோசையுடன் சாம்பாரும் சட்டினியும் கிடைக்கும். அப்போதே அவித்து இறக்கிய இடியப்பம் கையில் எடுத்தவுடன் இழை இழையாகப் பிரியும். நேற்றையது கட்டியாக வரும். வந்து அமர்ந்தவர் இதைக் கண்டால் எழுந்து போவதில் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒரு தேநீரைக் குடித்து அதற்குரிய காசைக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குச் செல்லலாம். சொதியும் அவ்வாறே. தேங்காய்ப் பாலால் ஆனதாதலின் காலையில் வைத்த சொதி வெப்பமான நாளில் மாலை வரை நல்ல நிலையில் இருப்பதில்லை. இரவில் இடியப்பம் உண்பவர், சொதி எப்போது வைத்தது என்று கேட்பது முறையே. நல்ல கடைக்காரர் அதற்குச் சினப்பதில்லை.

சைவக் கடையிலும், பொதுவான தேநீர்க் கடையிலும் வெளியூரார் திகைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அமர்ந்தவுடன், கேளாமலே, சிப்பந்தி ஒரு தட்டு நிறைய வடை, போண்டா, ரோல்ஸ், கட்லட், மாலுபாண் முதலியவற்றை அடுக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார். புதியவர் இவையனைத்துக்கும் பணம் செலுத்த வேண்டுமோ என்று அஞ்சுவார். சிலர் அஞ்சியே எல்லாவற்றையும் உண்டுவிடுவதுமுண்டு. உண்மை அதுவன்று. உண்டவற்றை மட்டும் எண்ணிக் கணக்கெடுப்பர். எஞ்சியவை தட்டோடு திரும்பிச் செல்லும். விருந்தினரை நம்பும் இவ்வழக்கம் அழகியதே. ஆனால் அதே தட்டு முன்னர் வேறு எத்தனை மேசைகளுக்குச் சென்று வந்தது, எத்தனை விரல்கள் அவ்வடைகளை அழுத்திப் பார்த்தன என்பதையும் எண்ண வேண்டும். வயிற்றைக் காத்துக்கொள்ள விரும்புபவர் தட்டை மரியாதையுடன் திருப்பி அனுப்பி, "சூடாக இரண்டு உழுந்து வடை" என்று தனியே கேட்டுப் பெறுதல் நன்று.

அடுத்துச் சோற்றுக் கடை. சிங்களத்தில் 'பத் கடே' எனப்படும் இக்கடை கொழும்பின் எத்திசையிலும் உண்டு. அலுவலக எழுதுவினைஞரும் தொழிலாளரும் மதியத்தில் உண்பது இங்கேதான். ஒரு தட்டுச் சோறு, பருப்பு, இரண்டு மூன்று மரக்கறிகள், ஒரு சுண்டல், ஓர் அப்பளம் என்பது பொதுவான அமைப்பு. விலை தீர்மானிக்கப்படுவது உடன் வைக்கும் மீன், முட்டை, கோழி ஆகியவற்றைக் கொண்டே. மரக்கறிச் சோறு எல்லாவற்றிலும் மலிவு. பல கடைகளிற் சோறும் மரக்கறியும் மேலும் கேட்டால் மறுப்பதில்லை. மீனுக்கு மட்டுமே தனிக் கணக்கு. மாநாட்டு உணவு பிடிக்காதவருக்கும், மாநாடு தொடங்குவதற்கு முதல் நாளே வந்தவருக்கும் இதைவிடச் சிக்கனமான வயிறார் உணவு இந்நகரில் இல்லை.

இவ்விடத்திற் சைவர் மறவாது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மரக்கறிச் சோறு என்று கேட்டு வாங்கிய அளவில் அது சைவ உணவு ஆகிவிடாது. சிங்களச் சமையலில் மாசி, அதாவது உலர்த்திய சூரை மீன், உப்பையும் மிளகாயையும் போல ஒரு சுவைப் பொருள். தேங்காய்ச் சம்பலில் அது இடித்துச் சேர்க்கப்படுகிறது. பருப்பிலும், கீரைச் சுண்டலிலும், சில வேளை கிழங்குக் கறியிலும் கலந்திருக்கும். பரிமாறுபவர் ஏமாற்றும் எண்ணத்தில் இதைச் செய்வதில்லை. மீன் துண்டு வைக்காததால் அது மரக்கறிச் சோறு என்பதே அவர் கருத்து. எனவே "மாலு இல்லாமல்" என்று கேட்டாற் போதாது. மாசிக்குச் சிங்களத்தில் 'உம்பலகட' என்று பெயர். அந்தச் சொல்லைக் கூறி, எந்தக் கறியில் அது உண்டு, எதில் இல்லை என்று வினவ வேண்டும். ஐயம் நீங்காவிடின் சைவக் கடையையே நாடுதல் உத்தமம். இவ்வாறே, சீனி தவிர்க்க வேண்டியவர், 'சீனி நெதுவ' என்ற சொற்றொடரை மனனம் செய்து கொள்ளலாம். கொழும்புத் தேநீர்க் கடையிற் சீனி கேளாமலே, அதுவும் தாராளமாக, இடப்படுகிறது.

முஸ்லிம் உணவுச்சாலைகள் புறக்கோட்டை, மருதானை, புதுக்கடை ஆகிய இடங்களில் நிறைந்துள்ளன. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதிகளிலும் உண்டு. புரியாணிக்கும், ரொட்டிக்கும், இரவு நேரக் கொத்துரொட்டிக்கும் இவை பெயர்பெற்றவை. கொத்துரொட்டிக் கல்லில் இரும்புத் தகடுகள் தாளம் போடும் ஓசை தெருக்கோடி வரை கேட்கும். அவ்வோசையே ஒரு விளம்பரம். கண்முன்னே கொதிக்கும் கல்லில் ஆக்கப்படுவதால் அது ஓரளவு பாதுகாப்பான உணவுமாகும். ஒரு தட்டுக் கொத்து பெரும்பாலும் இருவருக்குப் போதும். நண்பருடன் பகிர்ந்தால் செலவு பாதியாகும். ஆனால் மறுநாட் காலையிற் கட்டுரை வாசிக்க வேண்டியவர் முந்திய இரவு பத்து மணிக்கு மாட்டிறைச்சிக் கொத்து உண்பது தம் பொறுப்பிலேயே ஆகும்.

பறங்கியர் சமூகத்தின் லம்பிரைஸ் என்னும் வாழையிலைப் பொதிச் சோற்றையும், காலிமுகத்திடலின் இறால் வடையையும் ஒரு முறை சுவைத்துப் பார்க்கலாம். அவை நாளாந்த உணவுக்கு ஆகா.

அறியாத கடையின் தரத்தை எவ்வாறு அறிவது? பெயர்ப்பலகையாலும் மின்விளக்காலும் அறிய முடியாது. மதியம் பன்னிரண்டரை மணியளவில், அந்தப் பகுதியில் தொழில் செய்வோர் எந்தக் கடைக்குள் நுழைகின்றனர் என்று கவனித்தால் போதும். நாள்தோறும் தம் சொந்தக் காசைக் கொடுத்து உண்பவர் கெட்ட கடைக்கு இரண்டாம் முறை செல்வதில்லை. கூட்டம் நிறைந்த கடையிற் சோறு விரைவில் தீர்ந்து புதிதாக வடிக்கப்படுகிறது; ஆளில்லாக் கடையில் அதே சோறு மாலை வரை காத்திருக்கிறது. இதனால், மதியச் சோற்றை இரண்டு மணிக்குப் பின் தேடுவது விரும்பத்தக்கதன்று. உள்ளே நுழைந்தவுடன் கை கழுவுமிடத்தைப் பார்க்க வேண்டும். அங்கு நீரும் சவர்க்காரமும் இருக்குமாயின், சமையலறையிலும் அவை இருக்கும் என்று நம்ப இடமுண்டு. கறிகள் மூடியிருக்கின்றனவா, பணம் வாங்கும் கையே சோறும் பரிமாறுகிறதா, பொரிக்கும் எண்ணெய் கறுத்திருக்கிறதா என்பன அடுத்துக் காண வேண்டியவை. தண்ணீரைப் பொறுத்தவரை மூடி திறவாத போத்தல் நீர், அல்லது கொதிக்கக் கொதிக்கத் தரும் வெறுந்தேநீர், இவ்விரண்டுமே பயணிக்கு ஏற்றவை.

யாரைக் கேட்பது என்பதும் முக்கியம். முச்சக்கர வண்டிச் சாரதிகளில் நல்லவர் பலர். ஆயினும், ஆள் கொண்டுவந்து விட்டதற்குத் தரகு கொடுக்கும் கடைகளும் உண்டாகையால், அவர்தம் சொல்லை மட்டும் நம்புவது சரியன்று. மண்டபத்தின் காவலாளி, தேநீர் பரிமாறும் ஊழியர், அருகிலுள்ள வங்கியின் எழுதுவினைஞர் ஆகியோரிடம், "நீங்கள் எங்கே சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். "நல்ல கடை எது?" என்று கேட்டால், விருந்தினருக்கு ஏற்றதென்று தாம் கருதும் விலையுயர்ந்த கடையையே மரியாதைக்காகச் சொல்வர். வினாவின் வடிவம் மாறினால் விடையும் மாறும். இக்காலத்திற் கைத்தொலைபேசியின் வரைபடமே அருகிலுள்ள கடைகளையும் அவை பெற்ற நட்சத்திரங்களையும் காட்டிவிடுகிறது. அதுவும் பயனுடையதே. எனினும் அந்நட்சத்திரங்களை இட்டவர்களிற் பலர் உல்லாசப் பயணிகள். அவர்களுக்கு மலிவாகத் தோன்றுவது நமக்கு மலிவாகாது. எண்ணிக்கையைப் பாராமல், அண்மைத் திகதியுள்ள கருத்துகளையும், விலைப்பட்டியலின் ஒளிப்படத்தையும் பார்ப்பதே பயன் தரும்.

விலைகளை இங்கு எண்களாற் கூறுவது பயனற்றது. 2022 ஆம் ஆண்டு செப்தெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாகவும், உணவுப் பொருள்களில் அது 95 வீதத்தை அண்மித்தும் உயர்ந்தது. சமையல் வாயு கிடையாமல் சிறு கடைகள் பல அவ்வாண்டில் மூடப்பட்டன. அவ்வேகம் பின்னர் தணிந்தபோதும் விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. ஆதலின் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் வந்து சென்றவரின் நினைவை வைத்துக்கொண்டு பணம் கொண்டுவருதல் ஆகாது. உண்ண அமருமுன் விலை கேட்பது இழிவு என்று எண்ணும் குணம் நம்மவரிடம், சிறப்பாக ஆசிரியரிடம், உண்டு. அது வேண்டாத கூச்சம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், விற்பவர் விலைப்பட்டியலைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என விதிக்கிறது. கேட்பவருக்குப் பற்றுச்சீட்டும் வழங்க வேண்டும். சுவரிலுள்ள பட்டியலைப் பார்ப்பது வாடிக்கையாளரின் உரிமை.

குளிரூட்டிய உணவகங்களில் வேறொரு நுட்பம் உண்டு. பட்டியலின் அடியிற் சிறிய எழுத்தில், 10 வீதச் சேவைக் கட்டணமும் அரசாங்க வரியும் மேலதிகம் எனக் குறித்திருப்பர். பெறுமதி சேர் வரி 2024 சனவரி முதல் 18 வீதமாக உயர்த்தப்பட்டது. இரண்டும் சேர்ந்தால், ஆயிரம் ரூபா எனக் கண்ட உணவு கணக்குச் சீட்டில் ஆயிரத்து இருநூற்று ஐம்பதையும் கடந்து நிற்கும். நால்வர் கூடி உண்டு பங்கிடும்போது இம்மேலதிகமே மனக்கசப்புக்கு வித்தாகிறது. சாதாரணச் சைவக் கடையிலும் சோற்றுக் கடையிலும் பெரும்பாலும் இத்தொல்லை இல்லை.

மாநாடுகளுக்கு வருவோரில் ஆசிரியைகளும் பெண் உத்தியோகத்தர்களும் பெருந்தொகையினர். ஆயினும், உணவு பற்றிய அறிவுரைகள் ஆண்களையே மனத்திற் கொண்டு சொல்லப்படுகின்றன. "சந்தியிலுள்ள கடையில் மலிவாகச் சாப்பிடலாம்" என்று கூறுபவர், இரவு எட்டரை மணிக்கு அக்கடையின் எல்லா மேசைகளிலும் ஆடவரே அமர்ந்திருப்பர் என்பதையும், தனியே நுழையும் பெண்ணை அனைவரும் திரும்பிப் பார்ப்பர் என்பதையும் எண்ணுவதில்லை. இதனால் எத்தனையோ பெண்கள் இரவில் பிஸ்கற்றும் வாழைப்பழமும் உண்டு படுத்துவிடுகின்றனர். வெள்ளவத்தையின் சைவக் கடைகளிற் குடும்பங்கள் வந்து உண்பதால் அங்கு இக்கூச்சம் குறைவு. வேறிடத்தில் தங்குவோர் மாலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே, அடுப்பில் இருந்து இறங்கிய உணவைப் பொதியாக வாங்கி அறைக்குக் கொண்டு செல்லலாம். மூடியுள்ள பாத்திரம் ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டு வந்தால், சூடான கறியைப் பொலித்தீனில் வாங்க வேண்டிய நிலையும் நீங்கும். விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்களே சமைத்து விற்கும் 'ஹெல போஜூன்' நிலையங்கள் நாட்டின் பல பகுதிகளில் உள்ளன. வடக்கில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா ஆகிய இடங்களில் இவ்வகை நிலையங்கள் 'அம்மாச்சி' என்னும் இனிய பெயரால் அறியப்பட்டன. மாநாடு அவ்வூர்களில் நடைபெறுமாயின், பெண்கள் தயக்கமின்றி அமர்ந்து உண்ணத்தக்க இடம் அது. குரக்கன் புட்டும், இலைக்கஞ்சியும், உழுந்து வடையும் அங்குக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

பயணத்துக்கு முன் நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பௌர்ணமிப் போயா நாளில் இறைச்சிக் கடைகள் மூடப்பட்டிருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காக முஸ்லிம் கடைகள் சிறிது நேரம் சாத்தப்படும். நோன்பு மாதத்தில் அவற்றிற் பல பகலில் இயங்கா. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சில நாட்கள், சமையற்காரரும் சிப்பந்திகளும் தத்தம் ஊர்களுக்குச் சென்றுவிடுவதால், கொழும்பிற் கடை திறந்திருப்பதே அபூர்வம். அவ்வாரத்தில் மாநாடு வைப்பவரைத் தெய்வந்தான் மன்னிக்க வேண்டும். இதற்கு மாறாக, வெசாக் காலத்தில் தெருவெங்கும் தன்சல்கள் அமைத்து, வருவோர் யாவருக்கும் சோறும் பானமும் இலவசமாக வழங்குவர். இன்னார் இனியர் என்ற வினா அங்கில்லை. வரிசையில் நின்றால் போதும்.

இறுதியாகத் திரும்பும் பயணம். மாநாட்டின் கடைசி மாலையில் தேநீர் விருந்து நீண்டுவிடும். இரவுப் பேருந்துக்கு நேரமாகும். வெள்ளவத்தையிலிருந்தே யாழ்ப்பாணத்துக்கு இரவுப் பேருந்துகள் புறப்படுகின்றமையால், ஏறுமுன் அங்கேயே உணவை வாங்கிக்கொள்ளலாம். வழியில் பேருந்து நிறுத்தும் கடையைத் தேர்பவர் பயணியல்லர், சாரதி. அங்கு விலையும் தரமும் அவர் விருப்பப்படியே அமையும். ஆயினும் சொதி ஊற்றிய இடியப்பத்தைப் பொதியாகக் கட்டக் கூடாது. நள்ளிரவுக்குள் அது புளித்துவிடும். தோசையும் உலர்ந்த மிளகாய்ப்பொடியும், அல்லது ரொட்டியும் கட்டைச் சம்பலும் விடியும் வரை கெடுவதில்லை. ஒரு போத்தல் நீரும் இரண்டு கதலிப் பழமும் உடன் இருந்தால், நள்ளிரவிற் பேருந்து நிற்கும்போது இறங்க வேண்டிய தேவையே இராது.